மண்டிய வாசலை என்ன செய்வது?

சென்னையின் தென்புறநகரில் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்றின் ஆடி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை



வீட்டு முகப்பில் காடாக மண்டிவிட்ட செடிகொடிகளை எடுத்துவிட்டுப் புதிதாகத் தோட்டம் அமைப்பது எப்படி என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். இதைக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. இங்கே கேட்டதில் பாதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் நாளைக் காலையே ஆள் வைத்து வெட்டிவிடக் கூடாது. அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வாசல்கள் மண்டிப்போனதற்குக் காரணம் நடும்போது நாம் காட்டிய அவசரம். எடுக்கும்போதும் அதே அவசரத்தைக் காட்டினால் இருப்பதையும் இழப்போம். எடுத்த இடத்தில் சிமெண்ட் கல்லைப் பாவினால் அந்த இழப்பு நிலைத்துவிடும்.

இந்தக் காலனியில் ஒரு சுற்று நடந்தாலே இரண்டு விதமான வீடுகள் கண்ணில் படும். ஒன்றில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நெட்டிலிங்கம் வரிசையாக நின்று மாடி ஜன்னலை மூடியிருக்கிறது. காகிதப்பூக் கொடி கேட்டின் மேல் சாய்ந்து, உள்ளே போகிறவரின் சட்டையைப் பிடிக்கிறது. டுராண்டா வேலி நடைபாதையைப் பாதியாகக் குறுக்கிவிட்டது. அடுத்த வீட்டில் இலை ஒன்று கிடையாது. வாசற்படியிலிருந்து கேட் வரை பேவர் பிளாக், ஓரத்தில் இரண்டு சிமெண்ட் தொட்டி. விசாரித்துப் பாருங்கள், அந்த இரண்டாவது வீடும் சில வருடங்களுக்கு முன் முதல் வீட்டைப் போலத்தான் இருந்திருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் சலித்துப்போய் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டார்கள். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் மண்டிய புதருக்கும் வெறும் கல்லுக்கும் நடுவே நல்ல வழிகள் பல இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் இது எப்படி மண்டியது என்று பார்ப்போம். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் நமக்குத் தோட்டத்தின் நினைவே வருகிறது. பெயிண்ட் அடித்து, கிரில் மாட்டி, கையில் மிஞ்சிய பணத்தோடு நர்சரிக்குப் போகிறோம். அங்கே கறுப்புப் பையில் ஓரடி உயரத்தில் நிற்கும் கன்றைப் பார்த்து, அதுதான் அந்தச் செடியின் அளவு என்று கண் நம்பிவிடுகிறது. விருந்தினர் வரும் நாளில் வாசல் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக ஓரடிக்கு ஒன்றாக நட்டுவிடுகிறோம். டுராண்டாவை வெட்டாமல் விட்டால் 10 அடியைத் தாண்டும். அரேகா பாம் என்று நாம் வாங்கி வைப்பது மடகாஸ்கர் தீவின் பனை. பக்கத்தில் தூர்விட்டுப் பெருகி 8 அடி அகலம் பிடித்து, 20 அடி வரை எழும்பக்கூடியது. நெட்டிலிங்கம் மூன்று மாடிக்கு மேல் போகும் மரம். அதைச் சுவரிலிருந்து 2 அடியில், இரண்டிரண்டு அடி இடைவெளியில் வரிசையாக வைத்தது நாம். அது தன் இயல்புப்படி வளர்ந்தது. செடியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதற்குப் பின்னால் கொஞ்சம் வரலாறும் இருக்கிறது. நம் ஊர்த் தெருக்களின் பழைய வீடுகளுக்கு முன்தோட்டம் என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. தெருவை ஒட்டித் திண்ணை, திண்ணைக்கு முன்னால் சாணம் தெளித்துக் கோலம் போடும் வாசல். முருங்கை, வாழை, கறிவேப்பிலை எல்லாம் பின்னால் கொல்லையில் கிணற்றடித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தன. வீட்டுக்கு முன்னால் அழகுச் செடி வளர்க்கும் பழக்கம் சென்னையில் வெள்ளையர் கட்டிய தோட்ட வீடுகளோடு பரவியது. வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இந்நகரில் 1835இலேயே தொடங்கியது. அந்தத் தோட்ட வீடுகள் ஏக்கர் கணக்கில் இடம் கொண்டவை. அவற்றில் நின்ற மரங்களையும் கொடிகளையும் அரை கிரவுண்டில், அதாவது 1200 சதுர அடி மனையில், வீடு போக மிஞ்சிய பத்தடிக்குள் கொண்டுவந்து வைத்தோம். நெருக்கடி அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது.

மண்டிய தோட்டத்தின் தொல்லைகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. மின்கம்பியில் கிளை உரசுவதும், காரைப் பின்னால் எடுக்கும்போது தெரு தெரியாமல் போவதும் உங்களுக்கே தெரியும். இரண்டு பழிகளை மட்டும் செடியின் தலையிலிருந்து இறக்கி வைக்க விரும்புகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் பெருகுகிறது. செடிக்கடியில் நாம் மறந்துவிட்ட தேங்காய் ஓடு, உடைந்த தொட்டி, பிளாஸ்டிக் டப்பா இவைதான் அதன் பிறப்பிடம். பாம்பு வருவது எலியையும் தவளையையும் தேடி. அது தங்குவது, வீடு கட்டி முடித்தபோது மூலையில் குவித்துவிட்டுப் போன செங்கல்லின் இடுக்கில். அந்தக் குவியலையும் டப்பாக்களையும் அகற்றிவிட்டாலே இந்த இரண்டு பயங்களும் பெருமளவு தீர்ந்துவிடும்.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? அளவு நாடாவும் ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவர், கேட், படி, சம்ப், கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொரு செடியும் எங்கே நிற்கிறது, எவ்வளவு அகலம் பிடித்திருக்கிறது என்று குறியுங்கள். காலை வெயில் எங்கே விழுகிறது, பிற்பகல் வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது என்பதையும் எழுதுங்கள். மேற்குச் சுவரை மறைத்து நிற்கும் ஒரு மரத்தை வெட்டிய பிறகுதான், அந்த அறை இத்தனை நாளும் ஏன் குளிர்ச்சியாக இருந்தது என்பது பலருக்குத் தெரியவருகிறது.

அடுத்து, கூடுகளைப் பாருங்கள். தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து உள்ளே கூடு வைக்கும். தேன்சிட்டின் கூடு கொடியின் நுனியில் காய்ந்த குப்பை தொங்குவதுபோலவே இருக்கும். வேலையாட்கள் அதை உண்மையிலேயே குப்பை என்று நினைத்துத் தட்டிவிடுவார்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள். பல ஆண்டுகளாக மண்டிய செடி இன்னும் ஒரு மாதம் நிற்பதால் எதுவும் கெட்டுவிடாது.

வீட்டில் இருக்கும் மூத்தவர்களையும் கேளுங்கள். ஒரு வீட்டில் போர்ட்டிகோவை முழுக்க மூடி நின்ற பவழமல்லியை வேரோடு எடுத்துவிட வேண்டும் என்று மகன் என்னிடம் சொன்னார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவருடைய தாயார் மெதுவாக வந்தார். "தம்பி, இது எங்க மாமியார் வெச்சது. இத்தனை வருஷமா எங்க வீட்டுப் பெருமாளுக்கு இந்தப் பூதான். வேரோட எடுத்துடாதீங்க" என்றார். "அம்மா, எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பூ ஓய்ந்த பிறகு படிப்படியா இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் புதுசா துளிர்த்து வரும்" என்றேன். மகனுக்கு வேண்டியது வெளிச்சம், தாய்க்கு வேண்டியது பூ. கவாத்திலேயே இரண்டும் கிடைத்தன. கீழே உதிர்ந்து கிடந்தாலும் எடுத்துச் சாமிக்குச் சாத்தலாம் என்று நம் வழக்கம் விலக்குக் கொடுத்திருக்கிற பூ அது.

இன்றைய பேச்சில் நான் முக்கியமாகக் கருதுவது இந்தக் கவாத்துதான். மண்டிய செடிகளில் பெரும்பகுதியை மாற்ற வேண்டியதே இல்லை, வெட்டித் திருத்தினால் போதும். எது வெட்டுத் தாங்கும், எது தாங்காது என்று தெரியாததால்தான் நல்ல செடிகள் வேரோடு போகின்றன. செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, மருதாணி, காகிதப்பூ, பவழமல்லி ஆகியவை முதிர்ந்த கட்டையிலிருந்தும் துளிர்க்கும். செம்பருத்தியும் காகிதப்பூவும் புதுக்கிளையில் பூப்பவை. அதனால் வெட்டினால் பூ குறையுமே என்று அஞ்ச வேண்டாம், அடுத்த தளிரில் கூடுதலாகவே பூக்கும். காகிதப்பூ பூக்காமல் இலையாக மண்டுகிறது என்றால் பெரும்பாலும் அதற்குத் தண்ணீர் அதிகம், அல்லது வெயில் போதவில்லை. கொஞ்சம் காயவிட்டால்தான் அது நிறம் காட்டும்.

ஆரோக்கியமான செடியாக இருந்தாலும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். முதல் முறை மிகவும் முதிர்ந்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுங்கள். உள்ளே வெளிச்சம் போகும், அடியிலிருந்து தளிர் கிளம்பும். அந்தத் தளிர் ஓரளவு வளர்ந்த பின் அடுத்த பங்கு. ஒன்றரை, இரண்டு வருடத்தில் அதே வேரில் புதுச்செடி நிற்கும். மல்லிகைக்குக் காலம் முக்கியம். குண்டுமல்லிக்குக் கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் அளவில் கவாத்து செய்வது தமிழக விவசாயிகளின் முறை. ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. வயலில் செய்வதை வீட்டு வாசலிலும் செய்யலாம்.

இதற்கு நேர்மாறான செடிகளும் உண்டு. துஜாவை வெளியே பச்சையாகப் பார்க்கிறீர்கள். உள்ளே கையை விட்டு விலக்கிப் பாருங்கள், எல்லாம் பழுப்பாகக் காய்ந்திருக்கும். அந்தப் பழுப்புப் பகுதி வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது, ஓட்டை ஓட்டையாக அப்படியே நிற்கும். ஒற்றைத் தண்டுள்ள பனை இனங்களுக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றே ஒன்றுதான், தலையை வெட்டினால் மரம் செத்துவிடும். அரேகா பாம் தூராக வளர்வதால், நடுவே சில தண்டுகளைத் தரை மட்டத்தில் அறுத்து எடுத்துத் தூரை மெலியச் செய்யலாம். பெருமரங்களின் உச்சியைத் துண்டிப்பது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத பழக்கம். வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் கிளைகளுக்கு உறுதியான பிடிப்பு இருக்காது. அடுத்த புயலில் அவைதான் முதலில் முறிந்து விழும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்த மறுநாள் நம் தெருக்கள் கிடந்த கிடப்பை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கிளையை வெட்டும்போது அது தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை போன்ற ஒரு மடிப்பு தெரியும். அந்த மடிப்பைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். மரம் தன் காயத்தை மூடிக்கொள்வது அந்த இடத்திலிருந்துதான். கனமான கிளை என்றால் முதலில் ஒன்றரை அடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் பாதி வெட்டு, பிறகு கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து முழு வெட்டு, கடைசியாக மடிப்பருகே சுத்தமான வெட்டு. இப்படிச் செய்தால் கிளை விழும்போது பட்டை உரிந்துகொண்டு வராது. தார் பூச வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. நிழலிலேயே இருந்த பட்டை திடீரென்று வெயிலில் பட்டால் வெந்துவிடும். வெயில் தணிந்து, இடையிடையே மழை தூறும் இந்த ஆடியும் அடுத்து வரும் ஆவணியும் பொருத்தமான காலம்.

எவற்றை வேரோடு எடுக்கத்தான் வேண்டும்? கோனோகார்பஸை முதலில் சொல்வேன். சோமாலியா, ஏமன் கரைப்பகுதியைச் சேர்ந்த அந்த மரத்தைச் சீக்கிரம் பச்சைச் சுவராகிவிடும் என்று சொல்லி வாசலுக்கு வாசல் வைத்தார்கள். அதன் வேர் கழிவுநீர்க் குழாய்களுக்குள் புகுந்துவிடுகிறது. குஜராத் அரசு 2023இல் அதைத் தடை செய்தது, தமிழ்நாடு அரசும் பின்னர் அதை நடக் கூடாது என்று உத்தரவிட்டது. மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியாவும் போக வேண்டும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அது இருக்கிறது. நம் உண்ணிச்செடியும் அதே பட்டியலில் உண்டு. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தது. இன்று முதுமலைக் காட்டில் மான் மேயும் புல்லை மூடிக்கொண்டு நிற்கிறது. ஒரு வீட்டுத் தோட்டத்தில் எதை வைக்கிறோம் என்பது அந்த வீட்டோடு முடிந்துபோகிற விஷயமல்ல.

நெட்டிலிங்க வரிசையை முழுவதும் அழிக்கச் சொல்ல மாட்டேன். நெருக்கமாக நிற்பவற்றில் சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கும் நல்ல மரம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுக்கலாம். அதன் பழத்துக்குக் குயில் வரும், இரவில் பழந்தின்னி வௌவால் வரும். சுவர் விரிசலில் முளைத்த அரசையும் ஆலையும் விட்டுவைக்கவே கூடாது. இரண்டு இலைப் பருவத்திலேயே, மழை பெய்து ஈரமாக இருக்கும் நாளில், வேரோடு இழுத்துவிட்டு விரிசலைப் பூசி அடையுங்கள்.

வேரெடுக்கும் வேலைக்குச் சில எச்சரிக்கைகள். மரத்தைத் தரை மட்டத்தில் வெட்டிவிட்டால் பிறகு வேரை அசைக்கப் பிடி இருக்காது. 3 அடித் தண்டை விட்டுவைத்து, சுற்றிலும் குழி தோண்டி, பக்க வேர்களை அறுத்து, அந்தத் தண்டையே நெம்புகோலாகத் தள்ளிச் சாய்க்க வேண்டும். கடப்பாரை இறங்கும் முன் மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். கம்பியைத் தொடும் மரத்தை மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடுங்கள். அரளியை வெட்டுகிறவருக்குக் கையுறை கொடுங்கள். அதன் எல்லாப் பாகமும் விஷம், எரித்தால் புகையும் விஷம், வெட்டிய தழையை ஆடு மாடு தின்னும் இடத்தில் போடக் கூடாது. பறவை போட்ட விதையில் சந்தனம் முளைத்து வளர்ந்திருந்தால், அது உங்கள் பட்டா நிலமே ஆனாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரம் உங்களுடையது அல்ல, அதற்கும் உரிய அனுமதி வேண்டும். கட்டையைச் சாகடிக்க ஆசிட்டும் உப்பும் ஊற்றுகிறார்கள். கட்டை சாகிறதோ இல்லையோ, மண் சாகும். 200 சதுர அடி இடத்துக்கு ஜேசிபி வேண்டாம், அதன் எடை மண்ணைக் கெட்டிப்படுத்திவிடும். ஒரு நாள் கூலி கூடப் போனாலும் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எடுத்தாகிவிட்டது, இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. பேவர் பிளாக் போடுகிறவர் வந்து நிற்பது சரியாக இந்த நேரத்தில்தான். சதுர அடிக்கு இவ்வளவு, இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன், அப்புறம் பெருக்கினால் போதும் என்பார். தயவுசெய்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிக்கு 10 அடி முகப்பு என்றால் 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆக உங்கள் வாசலில் மட்டும் ஒரு வருடத்தில் விழுவது ஏறத்தாழ 26,000 லிட்டர். மண்ணாக இருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கும். சிமெண்ட் படுக்கையில் கல்லைப் பதித்து இடுக்கையும் பூசிவிட்டால் அத்தனையும் தெருவுக்கு ஓடும். ஒரு தெருவில் 40 வீடு இப்படிச் செய்தால் பத்து லட்சம் லிட்டர். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003இல் சட்டம் வந்தபோது மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தோம். குழாயே தேவைப்படாத சேகரிப்பு நம் வாசல் மண். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களும் நாம்தான்.

கார் நிறுத்த என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காருக்குத் தேவை இரண்டு சக்கரத் தடங்கள். ஒவ்வொன்றும் 2 அடி அகலத்தில் கருங்கல் பலகை பதித்துவிட்டு, நடுவிலும் இரு பக்கத்திலும் அருகம்புல் படரவிடுங்கள். படியிலிருந்து கேட் வரை நடக்க 3 அடிப் பாதை, கோலத்துக்கு ஒரு சதுரம் மெழுகும் தரை. தடங்களுக்கும் பாதைக்கும் மட்டும் கல் போதும்.

புல்தரையைப் பற்றி ஒரு வார்த்தை. கொரியன் புல் விரிப்பு கண்ணுக்கு அழகுதான். மே மாத வெயிலில் அது தாக்குப்பிடிக்க ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். அதே 200 சதுர அடிக்குத் தினமும் 90 லிட்டருக்கு மேல். குடத்தைத் தூக்கிக்கொண்டு மனிதர்கள் வரிசையில் நிற்கும் ஊரில் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெறிச்சோடிய மண்ணை உடனே நிரப்பாமல் சில வாரம் அப்படியே விடுங்கள். முதல் மழைக்குக் கீழாநெல்லி, குப்பைமேனி, தும்பை, மூக்கிரட்டை எல்லாம் தானாக முளைக்கும். மண்ணுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அவை சொல்கின்றன. கோரை முளைத்தால் மட்டும் கிழங்கோடு தோண்டித் தோண்டி எடுங்கள். இந்த இடைவெளியில் ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, கெட்டியான சிமெண்ட் மூட்டை எல்லாம் கிடைக்கும். வீடு கட்டியபோது புதைந்தவை அவை. சுவரோர இட்லிப்பூவின் இலை வெளிறி மஞ்சளாகிறதே ஏன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் புளிப்பான மண் பிடிக்கும். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் இரும்புச்சத்தை அதனால் உறிஞ்ச முடியாது. உரக்கடைக்குப் போகும் முன் அந்தக் கட்டட இடிபாட்டைப் பொறுக்கி எடுத்து, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து போடுங்கள். மண்ணைச் சுவர்மேல் ஏறும் அளவுக்குக் குவிக்காதீர்கள், ஈரம் வீட்டுக்குள் வரும்.

இனி நடுவது. ஒவ்வொரு செடியும் முதிர்ந்து நிற்கும்போது எவ்வளவு அகலம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு செடிகளின் அகலத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் அவற்றுக்கு இடையே விட வேண்டிய தூரம் வரும். சுவருக்கும் செடிக்கும் நடுவே அதன் பாதி அகலமும் இன்னும் ஓரடியும் விடுங்கள். இப்படிக் கணக்குப் போட்டால் 200 சதுர அடியில் ஒரு சிறுமரம், நான்கைந்து புதர்ச்செடி, ஒரு கொடி, அவ்வளவுதான் கொள்ளும். முதல் இரண்டு வருடம் காலியாகத் தெரியும், தெரியட்டும். அந்தக் காலி இடத்தில் தண்டுக்கீரையும் கனகாம்பரமும் துளசியும் போடுங்கள். மற்றவை வளர வளர இவை தாமாக விலகிக்கொள்ளும்.

சிறுமரத்துக்கு என் தேர்வு பவழமல்லி, கறிவேப்பிலை அல்லது எலுமிச்சை. பின்னிரண்டிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு கொஞ்சம் இலை தின்னும், மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள், மரம் அதைத் தாங்கும். வேம்பும் புங்கமும் நம் மண்ணின் அருமையான மரங்கள், ஆனால் பத்தடி முகப்புக்கு அவை பெரியவை. அவற்றுக்குத் தெருவோரமும் பூங்காவும் இருக்கின்றன. புதருக்கு நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் போதும் என்பேன். இன்னும் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன், காசான். சோழமண்டலக் கரையில் இயற்கையாக இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் செடி அது. கிண்டி தேசியப் பூங்காவில் அந்தக் காட்டின் எச்சம் இன்றும் நிற்கிறது. தடித்த கரும்பச்சை இலை, தண்டை ஒட்டி நீலப்பூங்கொத்து. மெதுவாக வளர்வது என்பதாலேயே வாங்குகிறவர்கள் அதை ஒதுக்குகிறார்கள். எனக்கோ அந்த மெதுவான வளர்ச்சிதான் அதன் பெரிய குணமாகத் தெரிகிறது. பத்து வருடம் கழித்து மண்டிப்போச்சே என்று புலம்ப வைக்காத செடி அது. ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டுவிட்டால், ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் கொஞ்சம் பிடித்திருக்கும்.

வெட்டிய தழைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொளுத்தாதீர்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே திறந்தவெளியில் எரிப்பதைத் தடுத்தன. சிறுகிளைகளை நறுக்கி இலையோடு சேர்த்து ஒரு மூலையில் மக்கவிடுங்கள். காய்ந்த சருகை நட்ட செடிகளுக்கு 3 அங்குல மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை மட்டும் தொடாமல் விட்டால் போதும். ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டுகிற வழக்கம் உடனே நிற்க வேண்டும். வெடேலியாவின் ஒரு துண்டுத் தண்டு போதும், ஈரத்தில் வேர்விட்டுக் கரையையே மூடிவிடும். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஏரிகளின் தண்ணீர் போய்ச் சேர்வது அங்கேதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்த மாதம் எத்தனையோ வீடுகளில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் கவாத்து செய்யப்படும். அந்தக் கிளைகள் குப்பை வண்டிக்குப் போக வேண்டாம். பென்சில் தடிமனில், 8 அங்குல நீளத்தில் நறுக்கி, அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி பைகளில் ஊன்றுங்கள். கறிவேப்பிலைக்குத் தாய்மரத்தின் அடியில் கிளம்பும் வேர்க்கன்றுகளைத் தோண்டி எடுக்கலாம். சங்கக் கட்டடத்தின் வடக்குச் சுவரோரம் நிழல் இருக்கிறது, அங்கே வரிசையாக அடுக்கித் தினமும் ஒருவர் முறைவைத்துத் தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொரு பையிலும் செடியின் பெயரோடு, அது வளர்ந்து நிற்கும்போது எத்தனை அடி அகலம் பிடிக்கும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். புரட்டாசியில் விநியோகிக்கும்போது, பேவர் பிளாக் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு முதலில் கொடுங்கள்.